செஞ்சித் தாம்பூலமும் ஈறின் நரம்புகளும்

செஞ்சி நாயக்கர் அவையில் விருந்தினரைத் தாம்பூலம் கொடுத்து வரவேற்பது வழக்கம். விசயநகர மரபில் வந்த அவைகளில் மன்னருக்கு வெற்றிலை மடித்துத் தர அடைப்பக்காரர் என்ற தனிப் பணியாளரே இருந்தார். 1597-ல் கிருஷ்ணப்ப நாயக்கரைச் சந்தித்த இயேசு சபைப் பாதிரியார் பிமெந்தா, கொடுத்த வெற்றிலையைத் தாங்கள் மெல்லாததைக் கண்டு நாயக்கர் மிகவும் வியந்ததாக எழுதினார். லிஸ்பனைத் தவிர்த்தால் போர்ச்சுகலின் எந்த நகரையும்விடச் செஞ்சி பெரிது என்றவரும் அவரே. அப்பேர்ப்பட்ட நகரின் அரசருக்கு வெற்றிலை போடாத வாய் புதுமையாகப் பட்டது என்பதே அந்தப் பழக்கத்தின் வேரைக் காட்டிவிடுகிறது.

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றும் தாம்பூலத்துக்கு அடிப்படை. வசதியுள்ளோர் கிராம்பும் ஏலமும் சேர்த்தனர். புகையிலை பிறகு வந்தது. 1604-ஐ ஒட்டி முகலாயத் தூதர் அசத் பேக் அதை அக்பரின் அவைக்குக் கொண்டுபோனது பீஜப்பூரிலிருந்துதான்.

தாம்பூலத்தின் சுகம் பெரும்பாலும் நரம்பு வழியாக வருவது. பாக்கிலுள்ள அரிகோலின், அசிட்டைல்கோலின் என்னும் நரம்புவேதிப்பொருளுக்கு உரிய ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்ளும். எச்சில் ஊறும், உடல் வியர்க்கும். கிராம்பின் யூஜெனால் நரம்பை மரத்துப்போகச் செய்யும். ஆனால் அதே அரிகோலின் ஈறுத் திசுவின் செல்களையும் நலிவிக்கிறது. பாக்கு மெல்வோரிடம் ஈறு கீழிறங்குவதும் பல் ஆடுவதும் அதிகம்.

ஈறிலும் பல்லைத் தாங்கும் எலும்பிலும் முக்கிளை நரம்பின் இழைகள் ஓடுகின்றன. பல்லடியில் கிருமி பெருகி ஈறு அழற்சி கண்டால், இவை மூளைக்குச் சேதி அனுப்புவதோடு நிற்பதில்லை; நரம்புப் பெப்டைடுகளை அங்கேயே கசியவிடுகின்றன. அவற்றில் ஒன்றான சப்ஸ்டன்ஸ் பி வீக்கத்தைக் கூட்டி, எலும்பைக் கரைக்கும் செல்களை ஊக்குவிக்கிறது. சிஜிஆர்பி என்னும் இன்னொன்று அந்தச் செல்களைத் தடுப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. இவ்வளவு நரம்பு இருந்தும் ஈறுநோய் பெரும்பாலும் வலியில்லாமலே முற்றுகிறது என்பதுதான் இதில் கவலைக்குரியது. ஈறில் இரத்தம் கசிவதே முதல் எச்சரிக்கை. புகைபிடிப்போருக்கு அதுவும் குறைந்துவிடுவதால், எலும்பு கரைந்த பிறகே நோய் தெரியவருகிறது.

பாக்கின் கேடு ஈறோடு நிற்பதில்லை: புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வகைப்படுத்தியது. தமிழ்நாடு 2013-ல் குட்காவையும் பான் மசாலாவையும் தடைசெய்தது. வெற்றிலையும் கொட்டைப்பாக்கும் அந்தத் தடைக்குள் வரவில்லை.