சக்கரம் பின்னும் கைகள்

எடப்பாடி தறிகளின் ஊர் என்பதை அறிவீர்கள். மிதிவண்டி வரலாற்றிலும் நெசவாளர் ஊர் ஒன்று உண்டு. அது இங்கிலாந்தின் கவன்ட்ரி. 1860-க்குப் பின் பிரெஞ்சுப் பட்டுநாடாக்கள் வரியின்றி வந்து குவியவே, அவ்வூர்த் தறிகள் ஓய்ந்தன. பிழைப்புத் தேடிய ஊரில் தையல் இயந்திரத் தொழில் தோன்றியது. 1869-இல் அத்தொழிற்சாலையே மிதிவண்டியும் செய்யலாயிற்று.

அங்கே பணியாற்றிய ஜேம்ஸ் ஸ்டார்லி, உழவர் மகன். தோட்ட வேலை பார்த்தவர். 1870-இல் வில்லியம் ஹில்மனுடன் சேர்ந்து 'ஏரியல்' மிதிவண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலச் சக்கரங்களில் ஆரக்கம்பிகள் குடத்திலிருந்து விளிம்புக்கு நேராகச் சென்றன. மிதிக்கும்போது குடம் முறுகியது, கம்பிகள் வளைந்தன. மெல்லிய கம்பி வளைவைத் தாங்காது, இழுவையைத் தாங்கும். ஆகவே 1874-இல் ஸ்டார்லி, கம்பிகளைக் குடத்துக்குத் தொடுகோடுகளாக, பாவும் ஊடையும் போல ஒன்றையொன்று குறுக்கிடுமாறு அமைத்தார். முறுக்கம் இழுவையாக மாறியது.

உங்கள் ஊர்ச் சைக்கிள் கடைக்காரரும் கம்பிகளை இப்படித்தான் பின்னுகிறார். சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, நிப்பிள்களைச் சிறிது சிறிதாகத் திருகிக் கோட்டம் எடுக்கிறார். ஒரு கம்பி தளர்ந்தால் அண்டைக் கம்பிகளின் மேல் பாரம் ஏறும் என்பதை அவர் விரல்கள் அறியும். அடுத்த முறை அருகில் நின்று பாருங்கள். ஸ்டார்லியின் தொடுகோடுகளை அங்கே காண்பீர்கள்.