அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளின் இராணுவச் சோதனைகள்

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது, பெல்ஜியத்தில் தயாரான பிரவுனிங் கைத்துப்பாக்கியால். அதை வடிவமைத்த அமெரிக்கர் ஜான் பிரவுனிங்கின் மற்றொரு துப்பாக்கியை அதே ஆண்டு மார்ச் 29 அன்று அமெரிக்க இராணுவம் ஏற்றிருந்தது. அதற்கு ஏழாண்டுச் சோதனைகள் தேவைப்பட்டன.

அரைத் தானியங்கித் துப்பாக்கியில் வெடிப்பின் ஆற்றலே வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றிவிடும். ஆனாலும் படை அதிகாரிகள் ரிவால்வரையே நம்பினர். காரணம் எளிது. ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்த தோட்டா வந்துவிடும். தானியங்கித் துப்பாக்கி சிக்கிக்கொண்டால் அதைச் சரிசெய்ய இரண்டு கையும் வேண்டும். குதிரைவீரனின் ஒரு கையிலோ கடிவாளம் இருக்கும்.

முதலில் எழுந்தது குண்டின் அளவு பற்றிய கேள்வி. பிலிப்பைன்ஸில் 0.38 அங்குல ரிவால்வர் மோரோ போராளிகளைத் தடுத்து நிறுத்தவில்லை என்ற குறை இருந்தது. 1904இல் ஜான் தாம்சன் என்ற அதிகாரியும் லூயி லகார்ட் என்ற இராணுவ மருத்துவரும் சிகாகோ இறைச்சிக்கூடத்து மாடுகளையும், மனிதச் சடலங்களையும் சுட்டுப் பார்த்தனர். குண்டு 0.45 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்றனர். சில மாடுகளைக் கொண்டு இவ்வளவு பெரிய முடிவுக்கு வந்தது இன்றைய கண்ணுக்கு அறிவியலாகத் தோன்றாது. இருந்தும் அந்த அளவே நிலைத்தது.

1907இல் பல நிறுவனங்களின் துப்பாக்கிகள் சோதிக்கப்பட்டன. ஜெர்மனியின் லூகர் விலகிக்கொள்ள, கோல்ட், சேவேஜ் இரண்டும் மிஞ்சின. அவற்றைக் குதிரைப்படையிடம் கொடுத்துப் பயன்படுத்திப் பார்த்தார்கள். சரியாகப் பிடித்தால் மட்டுமே சுடும் பிடிப் பாதுகாப்பு அமைப்பு அந்தப் படையினர் வற்புறுத்திக் கேட்டது.

இறுதிச் சோதனை 1911 மார்ச்சில் நடந்தது. ஒவ்வொரு துப்பாக்கியும் 6000 தோட்டாக்களைச் சுட வேண்டும். 100 தோட்டாவுக்கு ஒருமுறை சூடு ஆற விடுவார்கள். 1000க்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் இடுவார்கள். பிறகு நசுங்கிய தோட்டா, மணல், சேறு, துரு என்று வரிசையாகப் பார்த்தார்கள். சேவேஜ் 37 முறை தடுமாறியது. பிரவுனிங் வடிவமைத்த கோல்ட் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. 'எம் 1911' என்ற பெயரில் அது 1985 வரை அமெரிக்கப் படையின் முதன்மைக் கைத்துப்பாக்கியாக இருந்தது.

பிரிட்டிஷ் தரைப்படையோ மனம் மாறவில்லை. இந்தியப் படைப்பிரிவுகளின் அதிகாரிகள் முதல் உலகப் போருக்குப் பெரும்பாலும் வெப்லி ரிவால்வருடனேயே போனார்கள்.