லயத்துக்கும் மருந்துக்கும் இடையே: பொல்பிட்டியவைச் சூழ்ந்த மலையகத்தில் மருத்துவத் தொழில்நுட்பத்தின் வரலாறு

மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் ஒன்றுகூடிக் களனி கங்கையாக உருவெடுக்கும் பகுதியில் அமைந்த பொல்பிட்டியவில், 75 மெகாவாட் ஆற்றல் கொண்ட நீர்மின் நிலையம் 1969இல் இயங்கத் தொடங்கியது. ஹட்டன், நோட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா மலைகளில் பெய்த மழை மின்சாரமாகிக் கொழும்பை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில், அதே மலைகளின் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் குடும்பங்களுக்கென ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட லயங்களின் ஒற்றைக் காம்பராக்களில், குழந்தைகள் குப்பி லாம்பின் வெளிச்சத்தில் பிறந்துகொண்டிருந்தன. ஒரு மருத்துவக் கண்டுபிடிப்பு நாட்டுக்குள் வந்து சேர்ந்த காலத்துக்கும் அது லயத்தின் வாசலை எட்டிய காலத்துக்கும் இடையில் கிடந்த நீண்ட தூரமே மலையகத்தின் மருத்துவ வரலாறாகும்.

இவ்வரலாற்றின் சட்டரீதியான தொடக்கம் 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமாகும். தேயிலைக்கு முன்பிருந்த கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்தபோது வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பட்டினிக்கும் பலியானார்கள். எஞ்சி வந்தவர்களும் தோட்டங்களில் கவனிப்பாரற்று இறந்தார்கள். இவ்விழப்பு தொழிலாளர் வருகையையே பாதிக்கும் என்ற அச்சமும் மனிதாபிமானக் குரல்களும் சேர்ந்தே அச்சட்டத்தைப் பிறப்பித்தன. 1912இல் இயற்றப்பட்ட சட்டங்கள் இவ்வேற்பாட்டை மேலும் ஒழுங்குபடுத்தின. தோட்டத்து டிஸ்பென்சரி, அதாவது மருந்து கொடுக்கும் சிறு நிலையம், பெரும்பாலும் முழுமையான மருத்துவப் பட்டம் பெறாத தோட்ட வைத்திய உதவியாளர் ஒருவரின் பொறுப்பில் இருந்தது. ஒருநாள் வேலையையும் அதற்குரிய கூலியையும் குறிக்கும் ‘பேர்’ கைநழுவிவிடும் என்பதால், நடக்க முடிந்தவரை மலையேறிக் கொழுந்து பறித்துவிட்டு, நோய் முற்றிய பிறகே டிஸ்பென்சரிக்குச் செல்வது வழக்கமாயிற்று. மருந்து அருகில் இருந்தாலும் அதை நாடிச் செல்வதற்கான விலையைக் கூலிமுறை உயர்த்தியே வைத்திருந்தது.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் இரயிலும் இணைந்த போக்குவரத்துத் தொடங்கிய பின்னர், தமிழகக் கரையிலிருந்த மண்டபம் முகாம் தொழிலாளர் பயணத்தின் வாயிலாயிற்று. புறப்பட்டவர்கள் அங்கே சில நாள்கள் தடுத்து வைக்கப்பட்டு, நோய் வெளிப்படுகிறதா என்று கண்காணிக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்ட பின்னரே கடல் கடந்தனர். இன்ன தோட்டத்துக்கு உரியவர் என்பதைக் காட்டும் இலக்கம் பொறித்த தகர டிக்கெட்டும் அக்காலப் பயணத்தின் அடையாளமாக இருந்தது. தொற்றுநோயைத் தடுத்ததில் இம்முகாமின் பங்கு மறுக்க முடியாதது. ஆயினும் அது முதலில் காத்தது தீவையும் தோட்டத்தையுமே, தொழிலாளியின் உடல்நலம் அதன் வழியே கிடைத்த பயனாகவே இருந்தது.

கொக்கிப்புழுவுக்கு எதிரான இயக்கத்தில் இந்த முரண் தெளிவாகத் தெரிகிறது. மலத்தோடு வெளியேறும் இப்புழுவின் முட்டைகள் நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத இளம்புழுக்களாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியே தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலை அடைகின்றன. ஒரு புழு ஒரு நாளில் உறிஞ்சும் இரத்தம் ஒரு சொட்டளவே. ஆனால் நூற்றுக்கணக்கான புழுக்கள் ஆண்டுக்கணக்கில் உறிஞ்சும்போது கண்ணும் நாக்கும் வெளிறி, ஏற்றத்தில் மூச்சு வாங்கி, கருவுற்ற பெண்ணின் உயிருக்கே ஆபத்தாகும் இரத்தசோகை உண்டாகிறது. மழையிலும் நிழல்மரங்களின் கீழும் வெறுங்காலுடன் வேலை நடந்த, கழிப்பிடமே இல்லாத தேயிலை மலை இப்புழுவுக்கு மிகவும் உகந்த இடமாயிற்று. 1916இல் ரொக்பெல்லர் மன்றத்தின் சுகாதாரப் பிரிவு மாத்தளைத் தோட்டங்களில் பணியைத் தொடங்கி, நுணுக்குக்காட்டியால் மலத்தைச் சோதித்தபோது, தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரிடம் இத்தொற்று காணப்பட்டது. செனப்போடியம் என்னும் செடியின் எண்ணெயும் அதைத் தொடர்ந்து பேதி மருந்தும் கொடுக்கப்பட்டன. புழுக்கள் வெளியேறின, ஆனால் மருந்து உண்டவர் மறுநாள் அதே மண்ணில்தான் மிதித்தார். மலசலகூடம் கட்டும் செலவை ஏற்கத் தோட்ட உரிமையாளர் பலர் தயங்கியதால், குணமானவர்களை மீண்டும் புழு பற்றியது. நோயைக் கண்டறிந்தது நுணுக்குக்காட்டி என்றாலும், அதை நிறுத்தக்கூடிய கருவி மண்ணில் தோண்டப்படும் ஒரு குழியாகவே இருந்தது.

சுதந்திர இலங்கை இலவச மருத்துவத்தை விரிவாக்கி, ஆசியாவே வியக்கும் அளவுக்கு மரணங்களைக் குறைத்த காலத்தில், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அரசின் சுகாதாரச் சேவை கிராமங்களில் வேரூன்ற, தோட்டத்தின் சுகாதாரம் நிர்வாகத்தின் கையிலேயே விடப்பட்டது. 1970களின் நடுவில் உணவுப் பஞ்சம் மலையகத்தைத் தாக்கியபோது, தோட்டக் குழந்தைகளின் மரண விகிதம் தேசிய விகிதத்தின் இரு மடங்கைத் தாண்டியது. தடுப்பூசியும் உயிர்கொல்லி நுண்ணுயிர்களை ஒழிக்கும் மருந்தும் உலகெங்கும் பரவிவிட்ட காலத்தில் நேர்ந்த இம்மரணங்களுக்கு, பசியும் புறக்கணிப்புமே காரணம்.

1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், தாய்சேய் நலப் பணிகளும் தடுப்பூசியும் பிள்ளைக்காம்பரா எனப்படும் குழந்தைக் காப்பகங்களின் மேம்பாடும் மெல்ல லயங்களை எட்டின. 1992இல் நிர்வாகம் தனியார் கைக்கு மாறிய பின், தோட்ட வைத்தியசாலைகள் படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வரலாயின. இந்திய உதவியுடன் டிக்கோயாவில் கட்டப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலை 2017 மே மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய, 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கப்படும் இலவச அம்புலன்ஸ் சேவையும் பின்னர் நாடெங்கும் விரிந்தது. கம்பளியில் கட்டித் தோளில் தூக்கியும் கொழுந்து லொறியில் ஏற்றியும் நோயாளர்களைக் கொண்டுசென்ற சமூகத்துக்கு, ஒரு தொலைபேசி அழைப்பில் வண்டி வருவது எளிய மாற்றமன்று.

இனி வரக்கூடியவை கையடக்க அல்ட்ராசவுண்ட் கருவி, விரல்நுனியின் ஒரு சொட்டு இரத்தத்தில் ஹீமோகுளோபினை அளக்கும் கருவி, தொலைவிலுள்ள நிபுணரிடம் பேச வழிசெய்யும் திரை ஆகியவை. இரத்தசோகையும் எடைகுறைந்த பிறப்பும் இன்னும் தீராத தோட்டங்களில் இவற்றின் தேவை பெரிது. ஆனால் மண்சரிவில் மூடப்படாத பாதையும், பள்ளத்தாக்கிலும் அறுந்துபோகாத தொலைத்தொடர்பும், நோயாளி தன் வலியைத் தமிழிலேயே சொல்லக் கூடிய பணியாளரும், வைத்தியசாலைக்குச் சென்ற நாளின் கூலி பறிபோகாது என்ற உறுதியும் உடன் வராவிட்டால், கருவி டிஸ்பென்சரி அலமாரியில் கிடக்க, இரத்தசோகை மலையிலேயே தங்கிவிடும். அளவுகோலில் இரத்தம் குறைவு என்று காட்டிய பெண்ணுக்கு அன்றைய கஞ்சியும் இரும்புச்சத்து மாத்திரையும் ஓய்வும் கிடைக்கின்றனவா என்பதைக் கொண்டே, பொல்பிட்டியவின் மின்சாரம் அம்மலைகளுக்கும் உரியதாகிவிட்டதா என்று தீர்மானிக்க முடியும்.