கடாரத்தைக் காட்டிய கதாசிரியர்

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ வளர்ந்து, இன்று ஐம்பது வயதைத் தாண்டிவிட்ட தமிழர் ஒருவரிடம் 'கடாரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் ராஜேந்திர சோழன் பெயரைச் சொல்வார். அடுத்த மூச்சிலேயே இளையபல்லவன், காஞ்சனாதேவி, மஞ்சளழகி என்று அடுக்கத் தொடங்கிவிடுவார். ராஜேந்திரன் கல்வெட்டில் இருக்கிறான். காஞ்சனாதேவியும் மஞ்சளழகியும் சாண்டில்யனின் 'கடல் புறா'வில் இருக்கிறார்கள். கல்வெட்டு எங்கே முடிகிறது, கதை எங்கே தொடங்குகிறது என்று கேட்டால்தான் சற்றுத் தயங்குவார்.

அந்தத் தயக்கத்துக்குக் காரணமானவரின் இயற்பெயர் பாஷ்யம் ஐயங்கார். 1910 நவம்பர் 10 அன்று திருக்கோவிலூரில் பிறந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தார். 'சுதேசமித்திரன்' நாளிதழில் செய்தியாளராகப் பணியாற்றினார். திரைப்படங்களுக்குக் கதை, வசனமும் எழுதினார். செய்தியாளராக இருந்ததால் விறுவிறுப்பும், சினிமாவில் இருந்ததால் காட்சியை எங்கே வெட்டுவது என்ற கணக்கும் அவருக்குக் கைவந்திருக்க வேண்டும். 'குமுதம்' வார இதழில் அவர் எழுதிய சரித்திரத் தொடர்களைப் படித்தவர்களுக்கு இது புரியும். கத்தி ஓங்கிய இடத்தில் 'தொடரும்' என்று போட்டுவிடுவார். மனிதர் ஒரு வாரம் தூங்க விடமாட்டார்!

'யவன ராணி', 'மன்னன் மகள்', 'கன்னி மாடம்', 'ராஜ முத்திரை' என்று அவருடைய நாவல்களின் பட்டியல் நீளமானது. மராட்டியக் கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கரேயின் காலத்தை வைத்து 'ஜல தீபம்' எழுதினார். 1987 செப்டம்பர் 11 அன்று காலமாகும் வரை தமிழில் சரித்திர சாகசக் கதை என்றால் கல்கிக்கு அடுத்து அவர் பெயர்தான். கல்கியின் வந்தியத்தேவன் பெரும்பாலும் குதிரையில் போகிறான். சாண்டில்யனின் நாயகர்களுக்குக் கப்பல் வேண்டும், காற்றின் திசை வேண்டும், கடற்கொள்ளையர் வேண்டும்.

அவர் சிறுவர்களுக்கென்று எழுதியவர் அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். பெண்களைப் பற்றிய வர்ணனை பக்கம் பக்கமாகப் போகும். பிள்ளைகள் கையில் அந்தப் புத்தகத்தைப் பார்த்தால் முகம் சுளித்த பெற்றோர் உண்டு. ஆனாலும் அவரைத் தேடித் தேடிப் படித்தவர்கள் இளவட்டங்கள்தாம். பிளேட்டோ, ஷேக்ஸ்பியர் என்று மேடையில் முழங்குபவர்களில் பலரும் பதினாறு வயதில் சாண்டில்யனை ஒளித்து வைத்துப் படித்தவர்களே.

தமிழ்நாட்டு வாசகருக்கு 'கடல் புறா' ஒரு கடற்பயணக் கதை. மலேசிய வாசகருக்கு அது அவ்வளவுதானா? ஏறக்குறைய இரண்டாயிரம் பக்கங்கள், மூன்று பாகங்கள். கலிங்கத்துப் பாலூர்த் துறைமுகத்தில் தொடங்கும் கதை அலை கடந்து சுமத்திராக் கரைக்கும் கடாரத்துக்கும் வருகிறது. கடாரம் என்பது கெடாதான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தோட்டப்புறத்துப் பள்ளியில் படித்த பிள்ளைக்குத் தன் முன்னோர் ரப்பர் மரம் சீவ வந்தவர்கள் என்ற கதை மட்டுமே சொல்லப்பட்டிருந்தது. அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழர்கள் பாய்மரக் கப்பலில் வந்தார்கள் என்று ஒரு நாவல் சொன்னால், அந்தப் பிள்ளை நிமிர்ந்து உட்காராமல் என்ன செய்யும்?

அந்த நிமிர்வுக்கு ஆதாரம் இல்லாமலில்லை. 1006-ஆம் ஆண்டளவில் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரையே தானமாக விட்டான். அந்தச் செப்பேடுகள் இன்று லெய்டன் செப்பேடுகள் என்று அழைக்கப்படுகின்றன. 1025-இல் அவன் மகன் ராஜேந்திரன் ஸ்ரீவிஜயத்தின் மீது கடற்படையை அனுப்பினான். பிடிபட்ட ஊர்களின் பட்டியல் அவனுடைய மெய்க்கீர்த்தியில் இருக்கிறது. பின்னர் வீரராஜேந்திரன் காலத்தில், உதவி கேட்டு வந்த ஓர் அரசனுக்காகச் சோழர்கள் கடாரத்தை வென்று, அதை அவனிடமே திருப்பிக் கொடுத்தார்கள் என்று கல்வெட்டு சொல்கிறது. சாண்டில்யன் விதையை எடுத்தது இந்த இடத்தில்தான். உதவி கேட்டு வந்த அரசனுக்குக் குணவர்மன் என்று பெயர் வைத்தார், அவனுக்கு அழகான ஒரு மகளையும் கொடுத்தார். மீதி தானாக ஓடத் தொடங்கியது.

நாயகன் கருணாகரத் தொண்டைமானும் உண்மையில் வாழ்ந்தவன்தான். முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவனாகக் கலிங்கத்தை வென்றவன்; 'கலிங்கத்துப்பரணி'யின் வீரன். அந்தப் போர் நடந்தது 1110-ஐ ஒட்டி. கடல் புறாவின் கதை நடப்பதோ வீரராஜேந்திரன் காலத்தில், அதாவது 1063-க்கும் 1070-க்கும் இடையில். கடாரத்தில் இருபது வயது வாலிபனாக வாள் சுழற்றியவன், பரணி பாடப்பட்ட போருக்குப் போகும்போது அறுபதைத் தாண்டியிருப்பான். நாவலாசிரியருக்கு அந்தச் சலுகை உண்டு. வாசகர் அதைச் சலுகை என்று தெரிந்துகொண்டு படிப்பதுதான் முறை.

சிக்கல் அங்கேதான் வருகிறது. 'சோழர்கள் மலாயாவை ஆண்டார்கள்' என்று இளைஞர்கள் சிலர் இன்று சமூக ஊடகங்களில் அடித்துச் சொல்கிறார்கள். கல்வெட்டுகள் காட்டுவது படையெடுப்பையும் வெற்றியையும்தான். நிலையான சோழ ஆட்சி இங்கே நடந்ததற்குச் சான்று இல்லை. 1090-இல் கடாரத்து அரசனின் தூதர்கள் குலோத்துங்கனிடம் போய், நாகப்பட்டினத்து விகாரத்துக்கு உரிய ஊர்களுக்கு வரிவிலக்குப் பெற்றுத் திரும்பியிருக்கிறார்கள். தூது அனுப்பும் அளவுக்குத் தனியரசாக இருந்த நாடு அது. கதையை வரலாறாக நிறுத்தினால், எதிர்த் தரப்பில் உள்ளவர் ஒரே ஒரு கேள்வியில் நம் பிள்ளையை மடக்கிவிடுவார். அதன்பின் உண்மையான சான்றைச் சொன்னாலும் எடுபடாது.

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இத்தாலியின் வெரோனாவில் பிறந்த எமிலியோ சல்காரி (1862–1911), 'மலாயாவின் புலி' என்று சந்தோகான் என்ற கடற்கொள்ளை வீரனைப் படைத்தார். சரவாக்கை ஆண்ட ஜேம்ஸ் புரூக் என்ற நிஜ மனிதரை அவனுக்கு எதிரியாக்கினார். தலைமுறை தலைமுறையாக இத்தாலியச் சிறுவர்கள் லாபுவானையும் போர்னியோவையும் அந்தக் கதைகளில்தான் கண்டார்கள். சல்காரியோ இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

நம் வாசகருக்கு அந்தச் சாக்கு இல்லை. கோலாலம்பூரிலிருந்து வடக்கு நெடுஞ்சாலையைப் பிடித்தால் சில மணி நேரத்தில் ஜெராய் மலை அடிவாரம். அங்கே பூஜாங் பள்ளத்தாக்கில், 1930-களில் குவாரிட்ச் வேல்ஸ் தம்பதியர் அகழ்ந்த கோயில் அடித்தளங்கள் இருக்கின்றன. 1960-இல் சீரமைக்கப்பட்ட புக்கிட் பத்து பாஹாட் சண்டி இருக்கிறது. அருகிலேயே அருங்காட்சியகமும் உண்டு. சற்றுத் தள்ளி சுங்கை பத்துவில், 2007-க்குப் பிறகு அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரும்பு உருக்கிய உலைகளைத் தோண்டி எடுத்தார்கள். சோழர் கப்பல் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே வாணிகம் நடந்திருக்கிறது. நாவலில் வராத தொழிலாளியும் வணிகனும் அந்த மண்ணில்தான் இருக்கிறார்கள்.

அதே பள்ளத்தாக்கில், சுங்கை பத்து தோட்டத்தில் பதினொன்றாம் எண் சண்டி என்று ஆய்வாளர்கள் குறித்து வைத்த ஒரு கோயிலின் அடித்தளம் இருந்தது. 2013-இன் இறுதியில் அது வீடமைப்புத் திட்டத்துக்காக இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட செய்தி வெளிவந்தது. ஆயிரம் ஆண்டு பழைமையானதாகக் கருதப்பட்ட அந்தக் கட்டுமானம் ஒரு தனியார் நிலத்தில் இருந்தது. எதிர்ப்பு எழுந்தபோது அங்கே மிஞ்சியிருந்தது மண்ணும் உடைந்த செங்கல்லும்தான். 'கடல் புறா'வின் மூன்று பாகங்களும் இப்போதும் கடைகளில் கிடைக்கின்றன.