சுருண்ட நரம்பும் அட்டை வைத்தியமும்

சிங்காரப்பேட்டையிலிருந்து ஓசூர் கம்பெனிகளுக்குப் போய் ஷிஃப்ட் முழுக்க நிற்கும் நம் பிள்ளைகள், கால் வீங்கினால் "நரம்பு சுருண்டிருக்கு" என்கிறார்கள். அது நரம்பல்ல, சிரை. உள்ளிருக்கும் வால்வு தளர்ந்து இரத்தம் கீழேயே தேங்குகிறது.

சுசுருத சம்ஹிதை சொல்லும் 'சிராஜ கிரந்தி' இதை ஒத்தது. பலவீனர் அளவுமீறி உழைப்பதால் சிரை முடிச்சிடும் என்கிறது. அசையும் முடிச்சைச் சிரமப்பட்டுத் தீர்க்கலாம், பெருத்து அசையாததைத் தீர்க்க முடியாது என்று ஒப்புக்கொள்ளும் அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்! இரத்தம் வாங்க உதவும் அட்டைகளைப் 12 வகையாக்கி, 6 வகையை நஞ்சென்று ஒதுக்கியதும் அந்நூல்தான்.

அட்டையின் எச்சில் இரத்தத்தை உறையவிடாது என்று 1884இல் ஜான் ஹேகிராஃப்ட் கண்டார். வீக்கம் சற்று வடியலாம், தளர்ந்த வால்வு இறுகாது. ஒரே கால் திடீரென வீங்கி வலித்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அட்டை தேடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.