180 × 50: கார் செற் மாறின கதை

ஜப்பானில இருந்து வந்த ரீகண்டிஷன் கார் ஒன்றில ஏறிச் சாவியைத் திருப்பினால், ஒரு பெண்குரல் பணிவாக ஏதோ சொல்லும். நெடுஞ்சாலைக் கட்டண அட்டை செருகப்படவில்லை என்றுதான் அவ சொல்லுறா. இலங்கையில அந்த அட்டைக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டே இருப்பா. (செற்றை மாற்றினாலும் அவ போகமாட்டா, அது வேறொரு சின்னப் பெட்டி.) திரை முழுக்க ஜப்பானிய எழுத்து. வரைபடத்தில் ஒசாகா இருக்கும், ஓமந்தை இருக்காது. ரேடியோவோ 90க்கு மேலே ஏறாது.

ஜப்பானில் எஃப்எம் நெடுங்காலமாக 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான். அண்மைக் காலத்தில்தான் 95 வரை நீட்டினார்கள். எங்களுக்கு 87.5 முதல் 108 வரை. நாங்கள் கேட்கிற தமிழ் வானொலிகளில் கனக்க 100க்கு மேலேதான் இருக்கின்றன. அதனால் கார் வந்ததும் பலர் முதலில் போடுவது ‘எக்ஸ்பாண்டர்’ என்ற தீப்பெட்டி அளவான சாமான். அன்ரெனா வயரின் நடுவே அதைச் செருகினால், வருகிற அலைவரிசையில் இருந்து ஒரு குறித்த அளவைக் கழித்து ரேடியோவுக்குக் கொடுக்கும். 20 கழிக்கிறது என்றால் 104இல் உள்ள நிலையம் 84இல் பாடும். ஆனால் 96க்குக் கீழே உள்ளவை ஜப்பான் ரேடியோவின் எல்லைக்கு வெளியே போய்விடும். ஒன்றைப் பிடிக்க இன்னொன்றை விட வேண்டும். கடைசியில் செற்றையே மாற்றத்தான் கனபேர் வயரிங் கராஜுக்குப் போகிறார்கள்.

“கொம்பனி செற்றைக் கழற்றாதை, வெளிச்சாமான் போட்டால் காரின்ட பெறுமதி போயிடும்” என்று வீட்டில் ஒரு மாமா கட்டாயம் சொல்லுவார். அவருக்கு நாங்கள் சொல்ல விரும்புவது: சரித்திரத்தில் முதலில் வந்தது வெளிச்சாமான்தான்.

1930இல் சிகாகோவில் போல் கல்வினும் தம்பி ஜோசப்பும் நடத்திய சின்னக் கொம்பனி, எந்தக் காரிலும் பூட்டக்கூடிய ஒரு ரேடியோவைச் செய்தது. போல் கல்வின் அதைத் தன்னுடைய ஸ்ரூடிபேக்கரில் பூட்டிக்கொண்டு, ரேடியோ உற்பத்தியாளர் மாநாடு நடந்த அற்லான்ரிக் சிற்றிக்கு ஓட்டிப் போனார். கடை போடக் காசில்லை. வெளியே நிறுத்தி, சத்தத்தைக் கூட்டி, வருகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். விலை நூறு டொலருக்கு மேலே, அந்தக் காலத்தில் அது பெரிய காசு. மோட்டார் என்பதோடு அந்நாளைய பாட்டுப்பெட்டிகளின் ‘ஓலா’ என்ற வாலை ஒட்டி மோட்டோரோலா என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் கொம்பனியின் பெயரே அதுவாகிவிட்டது.

பூட்டுவது லேசான வேலையில்லை. வால்வு ரேடியோவுக்கு உயர் வோல்ற்றேஜ் வேண்டும், அதற்கெனத் தனிப் பற்றறிகள். அன்ரெனாவைக் கூரைத் துணிக்குள் ஓட்ட வேண்டும். இஞ்சினின் ஸ்பார்க் பிளக்குகள் எழுப்பும் கரகரப்பை அடக்குவது அதைவிடப் பெரிய பாடு. கார் கொம்பனிகள் தாங்களே ரேடியோ பூட்டி விற்கத் தொடங்கியது, அது ஓடும் என்று வெளிக் கடைக்காரர் காட்டின பிறகுதான்.

பூட்டத் தொடங்கினதும் பூட்டவும் தொடங்கினார்கள், அதாவது கதவை. 1956இல் கிறைஸ்லர் சில கார்களில் இசைத்தட்டுப் பெட்டியே வைத்தது. நிமிடத்துக்கு 16⅔ தரம் சுற்றும் தனி வகைத் தட்டு. அதை வெளியிட்டது கொலம்பியா மட்டும். நீங்கள் விரும்பும் பாட்டு அவர்களிடம் இல்லை என்றால் இல்லைதான். சில வருசத்திலேயே அது செத்துப்போச்சு. 1963இல் பிலிப்ஸ் கசெற்றைக் கொண்டுவந்து, மற்றக் கொம்பனிகளும் காசில்லாமல் அதைச் செய்ய அனுமதித்தது. அது உலகமெல்லாம் ஓடியது. எங்கட வான்களின் டாஷ்போர்டில் வெயிலில் வளைஞ்சு கிடந்த கசெற்றுகளுக்கு அந்த முடிவுக்கும் தொடர்பு இருக்கு.

ஆனால் எங்களைப் பொறுத்தவரை இந்தக் கதையின் பெரிய நிகழ்வு கசெற்றும் இல்லை, சீடியும் இல்லை. ஒரு ஓட்டை. முந்தின ரேடியோக்கள் இரண்டு குமிழ்த் தண்டுகளில் தொங்கின. ஒவ்வொரு காருக்கும் ஒவ்வொரு அளவு. ஜேர்மன் தர நிறுவனமான டின் ஒரு அளவை வகுத்தது: முகப்பு 180 மில்லிமீற்றர் அகலம், 50 மில்லிமீற்றர் உயரம். 1984இல் அது சர்வதேச அளவானது. பிறகு அதன் இரட்டை உயரமான 100 மில்லிமீற்றரும் வந்தது, இன்றும் கடையில் ‘டபுள் டின்’ என்று கேட்கிறோமே, அதுதான். (ரொயோட்டாவின் ஓட்டை 200 மில்லிமீற்றர். அதுதான் பக்கத்தில் பிளாஸ்ரிக் துண்டு வைக்க வேண்டி வருது.)

ஒரே அளவு ஓட்டை என்றால், பயனியர், அல்பைன், கென்வூட் எதையும் எந்தக் காரிலும் போடலாம். களவெடுக்கிறவருக்கும் அதே வசதிதான். 80களில் நியூயோர்க்கில் ‘ரேடியோ இல்லை’ என்று கண்ணாடியில் எழுதி ஒட்டினார்கள். கழற்றிக் கையோடு கொண்டுபோகும் முகப்பு அதனால் வந்தது. வயர் நிறங்களும் ஒழுங்காகின: மஞ்சள் எப்போதும் பற்றறியோடு, சிவப்பு சாவியோடு, கறுப்பு ஏர்த். மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கிவிட்டால், சாவியை எடுத்தாலும் செற் ஓயாது. காலையில் பற்றறி இறங்கியிருக்கும். மஞ்சளைச் சிவப்பின் இடத்தில் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் நிலையங்களை மறந்துபோகும். கொம்பனிப் பிளக்கை வெட்டாமல் இடையில் இன்னொரு பிளக் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடும் ஏ40 ஒன்றில் புதுச் செற் போட நினைப்பவர்களுக்கு வேறொரு சிக்கல் இருக்கு. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்களில் பற்றறியின் நேர்முனைதான் பொடியோடு இணைந்திருக்கும். புதுச் செற்றின் இரும்புக் கூடு எதிர்முனை. கூடு காரின் இரும்பில் முட்டினால் பியூஸ் போகும், அதுவும் அதிர்ஷ்டமிருந்தால்தான். யுத்தக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடின இனம் அது. பற்றறிக்கும் தடை இருந்த அந்த நாட்களில், சைக்கிளைத் தலைகீழாக வைத்து டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட சனத்துக்கு, ‘கொம்பனி எப்படித் தந்ததோ அப்படியே’ என்ற பேச்சு விளங்கியிருக்காது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. இடையில் இருந்த காரையே பேணவேண்டி வந்தது. பழைய விட்ஸுக்கும் வேகன் ஆருக்கும் அன்ட்ரொய்ட் செற் ஏறியது. இப்போது வருகிற புதிய மொடல்கள் பலவற்றில் டாஷ்போர்டில் அந்த ஓட்டையே இல்லை. ஏசி, பின்பக்கக் கமரா, காரின் செற்றிங்ஸ் எல்லாம் ஒரே திரைக்குள். பாட்டுப்பெட்டியைக் கழற்றினால் ஏசியையும் கழற்றின மாதிரி. போன் இருந்தால் போதும் என்று சொல்லவும் முடியாது: 2023இல் ஜெனரல் மோட்டர்ஸ், தன் புதிய மின்கார்களில் அப்பிள் கார்பிளேயும் அன்ட்ரொய்ட் ஓட்டோவும் வேலை செய்யாது, தங்கட மென்பொருள்தான் என்று அறிவித்தது. 1956இன் இசைத்தட்டுப் பெட்டிதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பெட்டியையாவது கழற்றி எறிந்துவிட்டு, அதே காரை ஓட்ட முடிந்தது.