இரும்பும் இரைப்பும்

சேக்காட்டில் நமது தெருவில் வசிக்கும் இளம்பெண் ஒருவர், ஏழு மாதக் கர்ப்பிணி, அண்மையில் ஒரு மருத்துவமனையில் இரும்புச்சத்து ஊசி ஏற்றிக்கொள்ளச் சென்றார். பாட்டில் இறங்கத் தொடங்கிய சில நிமிடங்களில் முகம் சிவந்து, நெஞ்சு இறுகி, மூச்சு முட்டியிருக்கிறது. முறையிட்டபோது, “உடம்புல ரத்தம் இல்ல, அதான் மூச்சு வாங்குது” என்று விடை வந்ததாம். சற்றுப் பொறுத்து வேறொரு செவிலியர் கவனித்து மருந்தை நிறுத்த, இரைப்பும் நின்றது. மறுமுறை போக அவர் மறுத்துவிட்டார். “ரத்தம் இல்லேன்னாலும் மூச்சு வாங்குது, அதுக்குப் போடுற ஊசியிலயும் மூச்சு வாங்குமா சார்?” என்று நம்மிடம் கேட்டார். நாம் மருத்துவர் அல்லர். ஆயினும் நூல்களைப் புரட்டியபோது, இந்த வினாவுக்குப் பின்னால் ஏறத்தாழ நூறாண்டு வரலாறு இருப்பதைக் கண்டோம்.

வெளிறிய உடலுக்கு இரும்பு மருந்து என்பது பழைய அறிவே. சோகைக்கும் பாண்டுவுக்கும் நம் சித்த மருத்துவர்கள் அயச்செந்தூரமும் அன்னபேதிச் செந்தூரமும் கொடுத்தனர். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தாமஸ் சைடன்ஹாம் இரும்புத்தூளை மதுவில் ஊறவைத்துக் கொடுத்தார். 1832இல் பிரான்சின் பியர் பிளோ தமது மாத்திரையைப் பற்றி எழுதினார். அந்த மாத்திரையின் இரும்புப்பும் நம் அன்னபேதியும் ஒரே பொருள் என்பது நோக்கத்தக்கது.

ஆனால் வாய்வழி இரும்பு மெல்லவே வேலை செய்யும், வயிற்றைப் புரட்டும், சிலருக்கு உடலில் சேர்வதே இல்லை. பேறுகாலம் நெருங்கிய பெண்ணுக்குக் காத்திருக்க நேரமும் இல்லை. எனவே ஊசிவழி தேடப்பட்டது. 1932இல் ஹீத், ஸ்டிராஸ், காஸில் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள், ஊசியில் செலுத்திய இரும்பு ஏறத்தாழ முழுதும் ஹீமோகுளோபினாக மாறுவதைக் காட்டினர். பயன் தெளிவாயிற்று, ஆனால் உடல் தாங்கிய அளவோ மிகச் சிறிது. இரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்ல டிரான்ஸ்பெரின் என்னும் புரதம் உண்டு. அதன் சுமைக்கு மிஞ்சிய இரும்பு தனித்து அலைந்து நஞ்சாகிறது. 1946இல் கெட்ஷ், மூர், மினிச் ஆகியோர் பெரிய அளவுகளைச் செலுத்திப் பார்த்து, வெற்று இரும்பின் ஆபத்தைப் பதிவு செய்தனர்.

தீர்வு சர்க்கரையில் கிடைத்தது. 1947இல் நிசிம் என்பவர் சர்க்கரையோடு சேர்த்த இரும்பு ஆக்சைடை நாளத்தில் செலுத்திய முறையை லான்செட் இதழில் வெளியிட்டார். இரும்பைக் கரும்பு போர்த்திக்கொண்டது எனலாம். 1954இல் டெக்ஸ்ட்ரான் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலியால் மூடிய இரும்பு வந்தது. போர்வை உறுதியாயிற்று; ஆனால் சிலருடைய உடல் அந்தப் போர்வையையே பகையாகக் கண்டது. 1980இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 481 பேருக்கு இம்மருந்து செலுத்தப்பட்டதில் 3 பேர் உயிராபத்தான எதிர்வினைக்கு ஆளாயினர். ஆகவே மருத்துவ உலகம் வேறு போர்வைகளை நாடியது. அயர்ன் சுக்ரோஸும் பின்னர் வந்த கார்பாக்ஸிமால்டோஸும் அவ்வழியின.

புதிய மருந்துகளில் கடும் ஒவ்வாமை மிக அரிது. எனினும் முகச்சிவப்பும் நெஞ்சிறுக்கமும் முதுகுவலியும் சிலருக்கு வருவதுண்டு. அமெரிக்க மருத்துவர் ஃபிஷ்பேன் பெயரால் அது குறிக்கப்படுகிறது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் தானே அடங்கும். அவசரப்பட்டுச் செலுத்தும் சில மாற்று மருந்துகள் நிலையை மோசமாக்கவும் கூடும். மாறாக, இரத்த அழுத்தம் சரிந்து, மூச்சுக்குழல் இறுகி விசில் ஒலி எழுந்தால் அது உண்மையான ஒவ்வாமை; அட்ரினலின் உடனே வேண்டும். இரண்டையும் பிரித்தறிய அருகில் பயின்றவர் இருக்கவேண்டும். 2013இல் ஐரோப்பிய மருந்து முகமை, முன்சோதனை ஊசியை நம்பவேண்டாம், ஒவ்வொரு முறையும் ஊசிக்குப்பின் 30 நிமிடமாவது நோயாளியைக் கவனியுங்கள் என்று அறிவுறுத்தியது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. எல்லாச் சோகையும் இரும்பால் தீர்வதன்று. கோஷா ஆஸ்பத்திரி என்று சென்னைவாசிகள் அழைக்கும் திருவல்லிக்கேணி மருத்துவமனையில் 1931இல் பணியாற்றிய லூசி வில்ஸ், இந்தியக் கர்ப்பிணிகளின் ஒருவகைச் சோகைக்கு வேறொரு சத்தின் குறையே காரணம் என்று உணர்த்தினார். அதுவே பின்னாளில் ஃபோலிக் அமிலம் என அறியப்பட்டது. எந்தச் சோகை என்று அறிந்தபின்னரே ஊசி வரவேண்டும்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகக் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்குச் சோகை. ஆகவே அச்சத்தால் இம்மருந்தை ஒதுக்குவது பெரும் இழப்பு. ஆனால் சோகையும் மூச்சு வாங்கும், மருந்தும் மூச்சு வாங்கும் என்பதால், நோயின் குரலையும் மருந்தின் குரலையும் பிரித்துச் சொல்லக்கூடியவர் படுக்கையில் இருக்கும் பெண் ஒருவரே. ‘இதுவரை இல்லை, இப்போதுதான் வந்தது’ என்ற அவருடைய சொல்லே சான்று. கடந்த நூறாண்டில் போர்வைகள் மாறியதும் இத்தகைய சொற்களைக் கேட்டு எழுதிவைத்தவர்களால்தான்.

இவற்றையெல்லாம் அப்பெண்ணிடம் சொல்லி, முன்னர் நடந்ததை மருத்துவரிடம் மறைக்காமல் கூறும்படி வேண்டினோம். மீண்டும் ஏற்றுவதா, வேறு வழியா என்பது அவருடைய முடிவு. கேட்டுக்கொண்டிருந்தவர், “அப்போ நான் சொன்னது பொய் இல்லியே சார்?” என்றார். ஊசியைவிட அந்த அவநம்பிக்கையே அவரை அதிகம் வருத்தியிருக்கிறது.